ஐவர் பாடினர், இசை எவர்க்கு?

தமிழில் ‘இசை’ என்னும் சொல் ஒன்று. அது தரும் பொருள் மூன்று. செவியால் நுகர்ந்து மகிழும் பாட்டும் இசை. ஒருவர் மறைந்த பின்னும் உலகில் நின்று நிலவும் புகழும் இசை. ஒருவரோடொருவர் உளம் பொருந்தி இணங்குதலும் இசைதலே. பலர் தம்முள் இசைந்தால் பாட்டு என்னும் இசை பிறக்கும். அப்பாட்டு நன்றாயின் புகழ் என்னும் இசை வந்து சேரும். இதுவே முறை. ஆயின், இசைந்தவர் பலராகவும் இசையைப் பெற்றவர் ஒருவராகவும் முடிவதை உலகியலில் அடிக்கடி காண்கிறோம். பலர் கூடிப் பாடிய பாட்டின் புகழும் பயனும் யாரைச் சேர வேண்டும்? இவ்வினாவை இரண்டு பாட்டுக் குழுக்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம். ஒன்று, நியூயோர்க் நகரத்துச் சிறுவர் ஐவரின் குழு. மற்றொன்று, சென்னையில் தோன்றிய சேர்ந்திசைக் குழு.

கூடிப் பாடுதல் நம் கரைக்குப் புதியதன்று. மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என நீண்டு கிடக்கும் இக்கடற்கரையில் கரைவலை இழுத்த கைகள் ஊமையாய் இழுத்ததில்லை. ஒருவர் அம்பா எடுப்பார். கயிறு பற்றிய மற்றையோர் ஒரே குரலில் ஏற்றுப் பாடுவர். பாட்டின் தாளத்துக்குக் கால் பின்வாங்கும், வலை கரையேறும். அப்படியே களிகம்பு ஆடும் இளைஞர் வட்டமாய் நின்று கம்போடு கம்பு தட்ட, அண்ணாவியார் ஓர் அடி பாடுவார். குழுவினர் அதனை வாங்கிப் பாடுவர். மட்டக்களப்புப் பகுதியின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளிலும் களரியில் நிற்பவன் பாடிய அடியைச் சபையோர் திருப்பிப் பாடாவிடில் கூத்து நிறைவதில்லை.

இம்மரபு மிகப் பழையது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை நினைந்து பார்ப்போம். தீய குறிகள் கண்டு கலங்கிய ஆயர்சேரியில் மாதரி என்பாள் ஏழு கன்னியரை நிறுத்தி, அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயரையே இடுகிறாள். அவர்கள் கைகோத்து நின்று பாடியாடுகிறார்கள். அவ்வெழுவரின் இயற்பெயர் என்ன? இளங்கோவடிகள் அதனைக் கூறவில்லை. இசைக்காகத் தம் பெயரையே இசையின் பெயராக ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். அச்சுரங்களுக்குள்ள உறவை இணை, கிளை, பகை, நட்பு என மனித உறவின் பெயராலேயே முன்னோர் வழங்கினர். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளார் பல்லாண்டு உழைத்து 1947இல் வெளியிட்ட ‘யாழ் நூல்’, பழந்தமிழ் இசையின் இத்தகைய நுட்பங்களை ஆராய்ந்த பெருநூலாகும். ஒலிகள் ஒன்றோடொன்று உறவு கொள்வதே இசை என்னும் கருத்து நம் மண்ணில் வேரோடியது.

இனி, கடல் கடந்து நியூயோர்க்குக்குச் செல்வோம்.

அந்நகரின் ஹார்லெம் பகுதி கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த இடம். அங்கும் அமெரிக்காவின் வேறு பெருநகரங்களிலும் 1940களின் பிற்பகுதி முதல் ஒருவகைக் குழுப்பாடல் தழைத்தது. பாடியவர் பெரும்பாலும் ஏழைச் சிறுவர். இசைக்கருவி வாங்கக் கையில் காசில்லை. ஆகவே தொண்டையையே கருவியாக்கினர். ஒருவன் அடித்தொண்டையிலே பெரிய நரம்புக் கருவியின் முழக்கத்தை எழுப்புவான். இருவர் மூவர் இடைக்குரலில் ஒத்திசைப்பர். ஒருவன் அவற்றின் மேலே பாட்டின் சொற்களைப் பாடுவான். தெரு மூலைகளிலும், எதிரொலி நன்கு எழும் மாடிப்படிக் கூடங்களிலும் அவர்கள் பாடிப் பழகினர். பக்கக்குரல்கள் ஒலித்த பொருளற்ற அசைகளைக் கொண்டே இப்பாட்டு வகைக்கு ‘டூ-வொப்’ என்னும் பெயர் பின்னாளில் வழங்கலாயிற்று. பொருளற்ற அசை என்று நாம் அதை எள்ள வேண்டியதில்லை. ஓடக்காரனின் ‘ஏலேலோ’வுக்கும் தாயின் ‘ஆராரோ’வுக்கும் அகராதியில் என்ன பொருள் காண்போம்? சொல் நிற்குமிடத்தில் நெஞ்சு பேசத் தொடங்குவதே அவ்வசைகளின் பயன்.

ஸ்டிட் இடைநிலைப் பள்ளியில் ஒன்றாகப் பயின்ற ஜிம்மி மேர்ச்சன்ட், ஷேர்மன் கார்ன்ஸ் என்னும் கறுப்பினச் சிறுவர் இருவர் 1954ஆம் ஆண்டளவில் இத்தகைய குழுவொன்றைத் தொடங்கினர். போர்ட்டோ ரிக்கோ வழிவந்த ஹேர்மன் சான்டியாகோ, ஜோ நெக்ரோனி என்னும் இருவரை அவர்கள் சேர்த்துக்கொண்டனர். ஐந்தாமவனாக வந்து சேர்ந்தவன் பிராங்கி லைமன். 1942 செப்டெம்பர் 30இல் பிறந்த அவன் குழுவில் இளையவன். மளிகைக் கடையில் சிறு வேலை செய்தவன். வெண்கல மணியை ஒத்த குரல் வாய்ந்தவன். பாடகர் ரிச்சர்ட் பாரட் இவர்களின் பாட்டைக் கேட்டு, இசைத்தட்டு வெளியீட்டாளர் ஜோர்ஜ் கோல்ட்னரிடம் அழைத்துச் சென்றார். தலைமைக்குரலில் பாட வேண்டியவன் சான்டியாகோ. அன்று அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது என்று சொல்வதுண்டு. எவ்வாறாயினும் அந்தப் பாட்டைத் தலைமையேற்றுப் பாடியவன் லைமன். காதலில் பேதையர் வீழ்வது ஏன் என்று வினவும் தலைப்புடைய அப்பாட்டு 1956 ஜனவரியில் வெளியாயிற்று. அமெரிக்காவின் றிதம் அன்ட் புளூஸ் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. பொதுப் பட்டியலில் ஆறாமிடம் வரை ஏறியது. அவ்வாண்டு ஜூலையில் பிரித்தானியாவிலும் முதலிடம் கண்டது. லைமனுக்கு வயது பதின்மூன்று!

இனித்தான் பெயரின் கதை தொடங்குகிறது. முதல் இசைத்தட்டின் மீது ‘டீனேஜர்ஸ்’ எனக் குழுவின் பெயர் முன்னே நின்றது. பிராங்கி லைமன் என்னும் பெயர் அதனைத் தொடர்ந்து வந்தது. சிறிது காலத்தில் அவ்வரிசை தலைகீழாயிற்று. லைமன் முன்னே வந்தான். குழு பின்னே சென்றது. 1957இல் அவர்கள் இலண்டன் பலேடியம் அரங்கில் பாடும் பேறு பெற்றனர். அதே ஆண்டில் லைமன் குழுவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுத் தனிப் பாடகனாக்கப்பட்டான். கூட்டிலே குயிலாய் இருந்தவன் தனியே சென்றபின் அந்த வெற்றியைப் பெறவில்லை. குரலும் வயதோடு மாறிற்று. அவனை இழந்த குழுவும் பழைய நிலையை எய்தவில்லை. ஹெரோயின் என்னும் கொடிய போதைப்பொருள் லைமனைப் பற்றிக்கொண்டது. 1968 பெப்ரவரி 27ஆம் நாள், ஹார்லெமில் தன் பாட்டியின் வீட்டில் அவன் பிணமாகக் கிடந்தான். அப்போது அவனுக்கு 25 வயது. கார்ன்ஸ் 1977இலும் நெக்ரோனி 1978இலும் இளமை நீங்குமுன்னே மறைந்தனர்.

பாடியோர் மாய்ந்தும் பாட்டு மாயவில்லை. 1981இல் டயானா ரொஸ் அதனை மீண்டும் பாடி வெளியிட, உரிமைத்தொகை பெருகியது. பணம் பெருகியதும் உரிமை கோருவோரும் பெருகினர். பிளாட்டர்ஸ் என்னும் புகழ்பெற்ற குழுவின் பாடகி ஸோலா டெய்லர் உட்பட மூன்று பெண்மணிகள் தாமே லைமனின் மனைவி என்று நீதிமன்றம் ஏறினர். 1989இல் அவர்களுள் எமீரா ஈகிள் என்பாருக்கே அவ்வுரிமை உரியதெனத் தீர்ப்பாயிற்று.

அதனினும் ஆழமான வழக்கு மற்றொன்று. 1956இல் பதிவு செய்தபோது அப்பாட்டை ஆக்கியோர் எனக் காட்டப்பட்டவர்கள் லைமனும் வெளியீட்டாளர் கோல்ட்னருமே. பின்னர் கோல்ட்னர் தம் பங்கை மொறிஸ் லெவி என்னும் வணிகருக்கு விற்றார். ஆக்கியோர் பெயராக லெவியின் பெயர் ஏறிற்று. கையெழுத்தால் ஒருவர் பாட்டை வாங்கலாம். பாட்டை இயற்றியவராகவும் ஆகிவிட முடியுமோ? உயிரோடிருந்த சான்டியாகோவும் மேர்ச்சன்டும் அப்பாட்டின் ஆக்கத்தில் தமக்கும் பங்குண்டு என வழக்குத் தொடுத்தனர். 1992இல் நடுவர் குழு அவ்விருவர் பக்கமே தீர்ப்பளித்தது. முப்பத்தாறு ஆண்டுகளின் பின் நீதி பிறந்தது என்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால் 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இவர்கள் பாட்டை ஆக்கவில்லை என்று அந்நீதிமன்றம் சொல்லவில்லை. உரிமை கோருவதற்கு விதித்த மூன்றாண்டுக் காலம் எப்போதோ கடந்துவிட்டது என்றே சொல்லிற்று. பள்ளிச் சிறுவர்க்குச் சட்டத்தின் கால எல்லை எங்ஙனம் தெரியும்? அறிந்து கேட்கும் வயது வந்தபோது கேட்கும் காலம் போயிருந்தது.

ஐவர் பாடினர். பெயர் பெற்ற ஒருவனை அப்பெயர் வாழவைக்கவில்லை. பெயர் பெறாதோரைப் பாட்டின் பயன் சென்றடையவில்லை. இசைந்தோர் வேறு, இசை கொண்டோர் வேறு ஆயினர்.

இதற்கு மாறான ஒரு வரலாற்றைத் தமிழகத்திலே காண்கிறோம். எம்.பி.எஸ். என்று அழைக்கப்பெற்ற மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் 1925 செப்டெம்பர் 19ஆம் நாள் பிறந்தவர். சென்னையில் கல்லூரி மாணவராயிருந்த காலத்திலேயே இடதுசாரி இயக்கத்தில் ஈடுபட்டவர். 1960இல் நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ என்னும் தமிழ்ப் படத்துக்கு இசையமைத்தார். 1961இல், பின்னாளில் புகழின் உச்சியை எட்டிய கே. ஜே. யேசுதாஸ் திரைக்காக முதன்முதலில் பாடிய பாட்டு எம்.பி.எஸ். அமைத்த இசையிலேயே பதிவாயிற்று. மலையாளப் படவுலகம் அவரை விரும்பி ஏற்றது. அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘சுயம்வரம்’, ‘எலிப்பத்தாயம்’ போன்ற படங்களின் இசையும் அவருடையதே.

ஆயினும் நாம் அவரை இங்கே நினைப்பது வேறு இரு பணிகளுக்காக. திரைப்படத்தில் நாம் கேட்கும் ஒரு பாட்டுக்குப் பின்னே வயலின், குழல், தபேலா முதலியன வாசிப்போர் பலர் இருந்தனர். அவர்களின் பெயர் திரையில் வருவதில்லை, ஊதியத்துக்கும் உறுதியில்லை. அத்தகையோரை ஒரு சங்கமாகத் திரட்டி, உழைப்புக்கு முறையான கூலி கேட்க வைத்தவர்களுள் எம்.பி.எஸ். முதன்மையானவர். நாளும் மேடையேறும் இசையமைப்பாளர் ஒருவர், மேடையின் பின்வரிசையில் இருப்பவருக்காகப் பேசினார் என்பது சிறு செய்தியன்று.

இரண்டாவது பணி, 1971இல் அவர் தோற்றுவித்த ‘மெட்ராஸ் யூத் கொயர்’ என்னும் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு. பாட்டையே தொழிலாகக் கொள்ளாத இளைஞரையும் யுவதியரையும் அவர் ஒன்று சேர்த்தார். பாரதியின் பாடல்களையும் இந்தியாவின் வேறு மொழிப் பாடல்களையும் பலகுரல் அமைப்பில் பாடப் பயிற்றினார். இதிலுள்ள அருமையை வாசகர் உணர வேண்டும். நமது இசை ஒரு குரலின் நெடும்பயணம். இராகத்தின் வழியே அது வளைந்தும் குழைந்தும் செல்லும். மேலைநாட்டுச் சேர்ந்திசையோ, ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களில் பல குரல்கள் நின்று இணைவது. ஒன்றைப் பேணினால் மற்றது சிதையும் என்று அஞ்சுவோர் உண்டு. இராகத்தின் சுரங்களுக்குள்ளேயே நின்று, ஓர் அணி அடியைப் பாட மற்றோர் அணி கீழ்க்குரலில் கார்வை கொடுத்தும், ஓரணி முடிக்குமுன் இன்னோரணி அதே அடியைத் தொடங்கியும் பின்னினால், பாட்டு தன் உருவை இழவாமலே பல குரலுக்கும் இடந்தரும். அங்கே தன் குரல் தனித்துக் கேட்க வேண்டும் என்று ஒருவர் உரத்துப் பாடினால் பாட்டே கெடும். பக்கத்தில் நிற்பவரின் குரலைச் செவிமடுத்துப் பாடுவதே சேர்ந்திசையின் முதற்பாடம். அது இசைப்பாடம் மட்டுமன்று. ஊரோடு வாழும் பாடமுமாகும்.

எம்.பி.எஸ். 1988 மார்ச் 9ஆம் நாள் இலட்சத்தீவில் காலமானார். அவருக்குப் பின்னும் அக்குழு பாடியது. திருவனந்தபுரத்திலும் அவர் பெயரால் ஓர் இளைஞர் சேர்ந்திசைக் குழு எழுந்தது. ஹார்லெமின் குழு ஒருவன் பிரிந்ததும் தளர்ந்தது. சென்னையின் குழு தன்னைப் படைத்தவரே மறைந்தும் தளரவில்லை. இவ்வேற்றுமை சிந்திக்கத் தக்கது.

ஈண்டு ஒருவர் தடை எழுப்பலாம். “சென்னைக் குழுவிலும் நாம் அறிந்தது எம்.பி.எஸ். என்னும் ஒரு பெயரைத்தானே? பாடிய இளைஞரின் பெயர்களை நீரும் சொல்லவில்லையே!” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குரவையாடிய எழுவரின் பெயரும் நமக்குத் தெரியாது என்று முன்னர்க் கண்டோம். ஆனால் பெயரைத் தானே விடுதல் வேறு. பெயரைப் பிறர் பறித்தல் வேறு. சேர்ந்திசையில் சேர்பவர், ‘என் குரல் இக்குரல்களுள் கரையட்டும்’ என்று அறிந்தே வருகிறார். அப்பாட்டைத் தன்னுடையதென்று பிறர் எவரும் விற்றுப் பொருள் ஈட்டுவதில்லை. ஹார்லெம் சிறுவர்களோ பெயரை விட்டவர் அல்லர். அவர்கள் அறியாத வேளையில் அது தாளிலிருந்து நீங்கியது. முன்னையது ஈகை, பின்னையது இழப்பு. இரண்டும் புறத்தே ஒன்றுபோல் தோன்றினும் அகத்தே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் உண்டு.

சட்டமும் இவ்வேற்றுமையை மெல்ல மெல்லவே உணர்ந்தது. படத்துக்காகக் கூலி பெற்று இசையமைத்தவரின் பாட்டு, வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்துத் தயாரிப்பாளருக்கே உரியது என இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்போடு உடன்பட்ட நீதியரசர் கிருஷ்ண ஐயர், பாடுபவருக்குச் சட்டத்தில் உரிமையே இல்லாதிருப்பதைத் தனியே சுட்டிக் கவலை தெரிவித்தார். 1994இல் திருத்தம் வந்து பாடுவோர், ஆடுவோர் உரிமையை ஏற்றது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பாட்டெழுதியோர்க்கும் இசையமைத்தோர்க்கும் உரிமைத்தொகையில் விட்டுக்கொடுக்க இயலாத பங்கை அளித்தது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நிகழ்த்துவோர் உரிமையோடு நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் காப்பளிக்கிறது. அவ்வகையில் நம் அம்பாவும் களிகம்புப் பாட்டும் கேட்பாரற்ற பொருள்கள் அல்ல. ஆனால் சட்டம் காக்க வேண்டுமானால் முதலில் நாம் குறித்து வைத்திருக்க வேண்டும். எழுதாத பெயரை எந்த நீதிமன்றமும் வாசிக்காது.

ஆதலால் இரண்டு காரியங்களை நம் ஊர்களில் செய்யலாம். இரண்டும் பணச்செலவு வேண்டாதவை. நாட்டார் பாடல் திரட்டுவோர், ‘வாய்மொழிப் பாடல்’ என்ற ஒரே குறிப்போடு நின்றுவிடாமல், இன்ன ஊரில், இன்ன ஆண்டில், இன்னார் எடுத்துப் பாட, இன்னின்னார் ஏற்றுப் பாடினர் என்று, அவர்களின் இசைவோடு முழுமையாக எழுதிவைக்கட்டும். ஏற்றுப் பாடியோரின் பெயரையும் எழுத வேண்டும் என்பதே இதில் முக்கியம். அம்பா எடுத்தவர் ஒருவர். வலையை இழுத்தவர் அவர் மட்டுமல்லர். இயந்திரங்கள் பெருகி, அம்பா அருகிவரும் இந்நாளில் இது காலம் தாழ்த்தற்குரிய பணியன்று. கால எல்லை கடந்தபின் வழக்காடியோரின் கதையை மேலே கண்டோம்.

மற்றது, பள்ளிக்கூடத்தார்க்கு. பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரலில் ‘குழுப்பாடல் – எட்டாம் தர மாணவர்’ என்று ஒரு வரி அச்சிடுகிறோம். அடுத்த வரியில் தனிப்பாடல் பாடும் பிள்ளைக்கு முழுப்பெயர் உண்டு. குழுப்பாடலுக்கு நிற்கும் பன்னிரு பிள்ளைகளும் பல மாலைகள் நின்று பழகியவர்கள். ஒருவர் குரலை மற்றவர் கேட்டுத் தம் குரலைத் தாழ்த்தப் பயின்றவர்கள். அவர்களின் பெயர்களையும் அச்சிடுங்கள். தாளில் இடம் போதாதெனின் மேடையிலே வாசியுங்கள். பின்வரிசையில் நின்ற பிள்ளையின் தாய், சபையில் அமர்ந்து அப்பெயரைக் கேட்கட்டும்.

இசைந்து பாடுவோர் எல்லார்க்கும் இசை உரித்தாகட்டும்.